வால்டர் பிம்லட்டுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவள்

வால்டர் பிம்லட்டைப் பத்து நிமிஷத்துக்கு மேல் பார்த்து அம்புஜத்துக்குப் பழக்கமில்லை. அது அவள் குற்றமில்லை; அவருக்குக் கிடைத்த வேஷங்களே அவ்வளவுதான். சென்னையில் அவள் கல்லூரியில் படித்த காலத்தில் மவுண்ட் ரோடு தியேட்டர்களில் எந்த இங்கிலீஷ் படத்துக்குப் போனாலும், படத்தில் கோர்ட்டு வந்தால் நீதிபதி பிம்லட். மாளிகை வந்தால் வெள்ளித்தட்டோடு நிற்கும் பட்லர் பிம்லட். கொலை விழுந்தால், தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்து தப்பான ஆளைக் கைது செய்யும் இன்ஸ்பெக்டரும் பிம்லட்தான். கதாநாயகன் யாரென்பது வீடு வந்து சேர்வதற்குள் மறந்துவிடும். பிம்லட்டின் தொங்கின கன்னமும், ஒரு சொல்லைச் சொல்லுமுன் அதை ருசி பார்ப்பது மாதிரி அவர் வாயை அசைக்கும் அழகும் மறக்காது. இடைவேளைக்குள் யாராவது அவரைச் சுட்டுவிடுவார்கள், அல்லது வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு அவளுக்குப் படத்தில் அக்கறை போய்விடும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன், 1975 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாண்ட்ரியலில் லாசால் பக்கத்து மாதா கோயில் ஒன்றின் அடித்தளக் கூடத்துக்குள் சொட்டச் சொட்ட நனைந்த ஓவர்கோட்டோடு நுழைந்து, கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த நேரத்தில் அவள் சிவப்புப் படுதாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி நாடக ஒத்திகைக்குப் பிராம்ப்ட் செய்துகொண்டிருந்தாள். பிராம்ப்ட் செய்தாள் என்று சாதாரணமாகச் சொல்லிவிடக் கூடாது. நாடகமே அவள் வாயிலிருந்துதான் நடந்துகொண்டிருந்தது. நடித்தவர்கள் எல்லாரும் பெரிய மனுஷர்கள். இருதய டாக்டர் ஒருவர், பாலம் கட்டுகிற இன்ஜினீயர் ஒருவர், கர்க்லாண்டிலிருந்து காரில் வரும் பேராசிரியர் ஒருவர். யாருக்கும் வசனம் படிக்க நேரமில்லை. படிக்கவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. கதை, வசனம், டைரக்‌ஷன், கதாநாயகன் நான்கும் தானே என்று நோட்டீஸ் அடித்துக்கொண்ட சங்கச் செயலாளர் சுந்தரராஜனுக்கே, தான் எழுதின வசனம் ஒரு வரி தெரியாது. அம்புஜம் இருக்கிறாளே என்ற தைரியம் எல்லாருக்கும்.

மாம்பலத்து மாதர் சங்க நாடகங்களில் அவள் பழகின வித்தை அது. ஒருவர் ஒரு வரியைப் பேசி முடிக்குமுன்பே அடுத்த வரியின் முதல் நாலு சொற்களை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். மேடைக்குக் கேட்கவேண்டும், முதல் வரிசைக்குக் கேட்கக் கூடாது. மூச்சுக்கும் குரலுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது; அங்கே நின்று பேசவேண்டும். அம்புஜம் அங்கே முழு நாடகமும் நிற்பாள். மேடையில் நிற்கும்படி அவளிடம் யாரும் சொன்னதில்லை.

படுதா ஓட்டை வழியாகப் பிம்லட்டைப் பார்த்ததும் அவள் குரல் நின்றது. உடனே மாண்ட்ரியல் தமிழ் நாடக உலகமே நின்றது. மாப்பிள்ளை வேஷத்துச் சுந்தரராஜன் தூக்கின கையை இறக்காமல் நின்றார். டாக்டர் கன்னத்தைச் சொறிந்தார்.

"மிஸஸ் மணி, இருக்கேளா?" என்று படுதாவைப் பார்த்துக் கேட்டார் சுந்தரராஜன். "நான் இப்போ பொண்ணை வேணும்னு சொல்றேனா, வேண்டாம்னு சொல்றேனா?"

"வேண்டாம்னு சொல்றீங்க சார்," என்றாள் அம்புஜம். நாடகம் மறுபடி ஓடியது.

விஷயம் இதுதான். கூடத்தை மாதா கோயில் சாமியார் அன்றைக்கு இரண்டு கூட்டத்தாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தமிழர்களுக்குப் பிறகு அது கோட்டுத் தொழிற்சாலைப் பெண்களுடையது. பக்கத்தில் குளிர்கோட்டு தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இத்தாலிக்காரிகளும் போர்த்துகீசியக்காரிகளும் கியூபெக் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். கக்கூசுக்குப் போகக்கூட சூப்பர்வைசரிடம் கைநீட்டிச் சாவி வாங்கவேண்டும் என்பதில் தொடங்கின சண்டை அது. இப்போது முதலாளி அவர்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தார்: 'பிறர் பேச்சைக் கேட்டுத் தப்புச் செய்துவிட்டேன்' என்று கையெழுத்துப் போட்டால் உள்ளே வரலாம். அவர்களுடைய தலைவி ஜோஸ்லின், ஊருக்குள் ஒரு நாடகக் கொட்டகையில் பட்லராக நடிக்க லண்டனிலிருந்து வந்திருந்த பிம்லட்டை மேடைக்குப் பின்புற வாசலிலேயே மடக்கி, நாடகத்துக்கு விடுமுறையான அடுத்த வாரத் திங்கட்கிழமை மாலை எங்களுக்காக நடியுங்கள் என்று கேட்டாளாம். அவரும் கேட்டு முடிக்குமுன் சரி என்றாராம். மேடையைப் பார்க்க வந்த மனுஷன் நம் ஆட்களின் கல்யாண நாடகத்தில் மாட்டிக்கொண்டார்.

தமிழில் ஒரு எழுத்துத் தெரியாதவர், கடைசி வரிசையிலிருந்து நடுவரிசைக்கு வந்தார். அப்புறம் முதல் வரிசைக்கு. மேடையில் நிற்பவர்கள் எல்லாரும் எந்தப் பக்கம் காதைச் சாய்க்கிறார்கள் என்று ஒரு நடிகனுக்குத் தெரியாதா? ஒத்திகை முடிந்ததும் கைகுலுக்க வந்த சுந்தரராஜனைத் தாண்டி நேரே படுதாவுக்குப் பின்னால் போனார்.

"இங்கிருந்து பேசியது நீங்களா?"

அம்புஜம் எழுந்து நின்றாள். இங்கிலீஷ் இலக்கியம் எம்.ஏ. படித்தவள் வெறுமே தலையை ஆட்டினாள்.

"எல்லா வரிகளையுமா? எங்கள் ஊரில் பிராம்ப்டர் என்றால் மாலை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பாள். யாராவது மறந்துபோனால் மட்டும் ஒரு வார்த்தை சொல்வாள்."

"மறப்பதற்கு முதலில் படித்திருக்க வேண்டுமே," என்றாள் அம்புஜம்.

பிம்லட் சிரித்த சிரிப்பில் மேலேயிருந்து சாமியார் எட்டிப் பார்த்தார்.

கோயில் சமையலறையில் அவள் கொண்டுவந்த ஃபிளாஸ்க் காப்பியைக் குடித்துக்கொண்டு, அவர் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். போன குளிர்காலத்திலிருந்து வசனம் ஞாபகத்தில் நிற்கவில்லை. படித்தால் ஏறுகிறது, மேடைக்கு வந்தால் இறங்கிவிடுகிறது. பட்லர் வேஷத்துக்கு நாலு வரி. அதைத் தட்டின் மேல் ஒட்டிவைத்துச் சமாளிக்கிறார். ஒருநாள் கொட்டகையில் தட்டை மாற்றிவிட்டார்கள். அன்றைக்குச் சாப்பாடு தயார் என்று சொல்லவேண்டிய இடத்தில் குனிந்து வணங்கிவிட்டு வந்துவிட்டார். திங்கட்கிழமை நாடகமோ அவர் ஒருவரே நடிக்கும் ஒருமணி நேர நாடகம். அவரே எழுதினது, இங்கிலாந்தில் வேலைநிறுத்தம் செய்த நெசவாளி ஒருவனின் வழக்கு. ஜோஸ்லினிடம் சரி என்று வாய் சொல்லிவிட்டது. அந்தப் பெண்களை ஏமாற்ற மனசு வரவில்லை.

"வெளியே தெரிந்தால் நான் தொலைந்தேன்," என்றார். "வசந்த காலத்தில் லண்டனில் ஒரு படம். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைசி ரீல் வரை உயிரோடு இருக்கப் போகிறேன். ஞாபகமில்லாத கிழவனை நம்பிப் படத்துக்கு யார் இன்ஷூரன்ஸ் கொடுப்பார்கள்? நீங்கள் அவர்களுக்குச் செய்ததை எனக்குச் செய்வீர்களா? யாருக்கும் தெரியாமல்?"

கடைசி ரீல் வரை பிம்லட். அம்புஜத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "பிள்ளையார் மேல் சத்தியம்," என்றாள். அவருக்குப் பிள்ளையாரைத் தெரியாவிட்டாலும் சத்தியம் புரிந்தது.

வீட்டில் மணிவாசகத்திடம் படுதா இழுக்க ஆள் வேண்டுமாம் என்று மட்டும் சொன்னாள். மணிவாசகம் அவள் கணவர்; விமான உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இன்ஜினீயர். நல்ல மனுஷர். பயம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

"அந்த ஆளு கம்யூனிஸ்ட்டாமே," என்றார்.

"நடிகர்ங்க."

"ரெண்டும்தானாம், ஆபீஸ்ல சொன்னாங்க. எங்க கம்பெனிக்கு மிலிட்டரி ஆர்டர் வருது, அம்புஜம். சிட்டிசன்ஷிப்புக்கு வேற எழுதிப் போட்டிருக்கோம். ஃபோட்டோ கீட்டோ எடுத்துப் பேப்பர்ல போட்டா?"

"நான் படுதாவுக்குப் பின்னாடி இருக்கப்போறேன். இத்தனை வருஷத்துல அங்க என்னை யாராவது பார்த்திருக்காங்களா?"

மணிவாசகம், வேண்டுமானால் தானும் வந்து மூன்றாவது வரிசையில் உட்காருவதாகச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க மத்தியானங்களில் அம்புஜம் பஸ் பிடித்து மாதா கோயிலுக்கு ஓடினாள். வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை, ரசத்தில் இரண்டு தடவை இருந்தது. வெறும் கூடத்தில் பிம்லட் நெசவாளியானார், முதலாளியானார், தீர்ப்புச் சொல்லும் நீதிபதியானார். அவர் எங்கே மூச்சு வாங்குவார், எங்கே வேண்டுமென்றே நிறுத்துவார் என்று அவள் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். முதல் இரண்டு நாள் இடித்துக்கொண்டார்கள்; அவர் நடிப்புக்காக நிறுத்தின இடத்தில் அவள் அவசரப்பட்டுச் சொல்லை நீட்டினாள். மூன்றாம் நாள் பிடிபட்டுவிட்டது. அவர் இடது தோளைக் கொஞ்சம் திருப்பித் தலையைச் சாய்த்தால் வரி வேண்டும் என்று அர்த்தம். அவள் நாலு சொல்லை விடுவாள். அவர் அதை வாங்கி, தன் வயிற்றிலிருந்து வந்தது போலப் பேசுவார். அந்த நேரத்தில் அவளுக்கு ஏற்படும் குதூகலத்தை யாரிடம் போய்ச் சொல்வது? மாம்பலத்தில் கலெக்டர் மனைவி மேடம்களுக்கு எடுத்துக் கொடுத்த வாய், இன்று யாருக்கு எடுத்துக் கொடுக்கிறது பாருங்கள்.

நடுநடுவே காப்பிக்கு உட்காரும்போது அவர் தன் கதையைச் சொன்னார். டிராம் வண்டிக் கண்டக்டரின் மகன். துணை நடிகர்களுக்குச் சூடாகச் சாப்பாடு போடும்வரை நீதிபதி விக்கை வைத்துக்கொள்ளமாட்டேன் என்று செட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்தவர். நிறம் பிரித்து உட்காரவைக்கும் தென்னாப்பிரிக்கக் கொட்டகைகளில் நடிக்கமாட்டேன் என்று வந்த வாய்ப்பை உதறினவர். அணுகுண்டுக்கு எதிராகத் தெருவில் உட்கார்ந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு போன கான்ஸ்டபிள், "சார், போன படத்தில் நீங்கள்தானே எங்கள் இன்ஸ்பெக்டர்?" என்று கேட்டுவிட்டு, வண்டியில் ஏறும்போது தலை இடிக்காமல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டானாம்.

"ஏன் உங்களுக்கு எப்போதும் பத்து நிமிஷம்தான் தருகிறார்கள்?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். பல வருஷக் கேள்வி அது.

"இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய வேஷம் வந்தது," என்றார். "ஒப்பந்தத்தோடு வக்கீல் இன்னொரு காகிதமும் கொண்டுவந்தார். கம்யூனிஸ்ட் நண்பர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்கள், இனி அவர்களோடு சேரமாட்டேன் என்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் இரண்டு வரி படிக்கவேண்டும். நான் நடிகன், யார் எதை எழுதிக் கொடுத்தாலும் பேசுகிறவன். அதையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு இது என் வசனம் இல்லை என்று மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பத்து நிமிஷம்."

திங்கட்கிழமை வந்தது. காலையிலிருந்து பனி. கூடம் அதற்கெல்லாம் அசரவில்லை. ஜோஸ்லினின் பெண்கள் குடும்பத்தோடு வந்து நாற்காலிகளை நிரப்பி, சுவரோரமும் நின்றார்கள். இரண்டாவது வரிசையில் நாடகக் கொட்டகை மானேஜர், பக்கத்தில் பத்திரிகைக்காரர் ஒருவர். மூன்றாவதில் மணிவாசகம், யாரும் பார்க்காதபடி மஃப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டு. படுதா தமிழ்ச் சங்கத்தினுடையது. இரவல் கொடுத்த கையோடு, விழாவில் சங்கத்துக்கும் பாதிப் பங்கு என்று சுந்தரராஜன் முடிவு கட்டிவிட்டார். கடைசியில் நன்றியுரை சொல்ல இரண்டு நிமிஷம் வேண்டும் என்று ஜோஸ்லினிடம் வாங்கியும் வைத்திருந்தார். நம்மவர்கள் ஒரு கூட்டத்தை நன்றியுரை இல்லாமல் முடித்ததாகச் சரித்திரம் கிடையாது.

தொடங்கும் நேரத்தில் சுந்தரராஜன் கயிற்றைச் சரிபார்க்கப் படுதாவுக்குப் பின்னால் வந்தார். ஸ்டூலில், மடியில் பிரதியும் கையில் டார்ச்சுமாக அம்புஜம்.

"அட, இவருக்கும் நீங்கதான் பிராம்ப்டிங்கா? பேஷ், பேஷ்," என்றார் முகமெல்லாம் மலர்ந்து.

"சார், இதை யார்கிட்டயும்..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சுந்தரராஜன் வாயில் விரலை வைத்துக்கொண்டு நழுவினார். நாடகம் தொடங்கப்போகிறது, பேசக்கூடாது என்று அதற்கு அர்த்தம்.

பிம்லட் மேடைக்கு வந்தார். இடது தோள் திரும்பியது. அம்புஜம் முதல் நாலு சொல்லை விட்டாள்.

அதற்குப் பிறகு அங்கே நடந்தது நாடகமா, திருவிழாவா என்று சொல்வது கஷ்டம். பாதிப்பேருக்கு இங்கிலீஷ் சரியாகத் தெரியாது. அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பிம்லட் முதுகைக் கூனினால் நெசவாளி, வயிற்றைத் தள்ளினால் முதலாளி. முதலாளி வந்தபோதெல்லாம் பெண்கள் காலால் தரையை உதைத்தார்கள். நீதிபதி தண்டனையை வாசித்தபோது ஒரு இத்தாலிக்காரக் கிழவி தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி அவர் மேல் வீசினாள். அது மூக்கில் பட்டு விழுந்தது. நீதிபதி மெதுவாகக் குனிந்து அதை எடுத்து, முகர்ந்து பார்த்து, "கோர்ட்டை அவமதித்த இந்தக் கையுறைக்கு ஆறு மாதம் சிறை," என்றார். கூடம் கொல்லென்று சிரித்தது.

சிரிப்பு அடங்கியது. பிம்லட் நின்றார். இது அவர் நிறுத்தமில்லை என்று அம்புஜத்துக்கு உடனே தெரிந்தது. பிரதியில் இல்லாத கையுறை வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் தோள் கூடத் திரும்பவில்லை. திருப்பவேண்டும் என்பதே மறந்துவிட்டது. அவள் டார்ச்சைப் பிரதிமேல் பிடித்து, ஸ்டூலை விட்டு எழுந்து, படுதாவில் மூக்கு உரச நின்று, நாலு சொல்லுக்குப் பதில் முழு வரியையும் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னாள். அவர் கண் அசைந்தது. வரி வந்தது. அடுத்ததும் வந்தது. அம்புஜம் ரவிக்கை முதுகு நனைய மறுபடி உட்கார்ந்தாள்.

நெசவாளி கடைசிச் சொல்லைச் சொல்லித் தலைகுனிந்தபோது கைதட்டல் மேலே மாதா சிலை வரைக்கும் கேட்டிருக்கும். ஜெயித்துவிட்டோம் என்று அம்புஜம் படுதாவுக்குள் தனியாகக் குதித்தாள், நிஜமாகவே, பூட்ஸ் காலோடு.

அப்போது சுந்தரராஜன் மைக்கைப் பிடித்தார். சாமியாருக்கு நன்றி சொன்னார். விளக்குப் போட்டவருக்கும், நாற்காலி அடுக்கினவர்களுக்கும், பனியைப் பொருட்படுத்தாமல் வந்தவர்களுக்கும் நன்றி சொன்னார். பிம்லட்டுக்குப் பொன்னாடை போர்த்தினார். பிறகு, "லாஸ்ட் பட் நாட் தி லீஸ்ட்," என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் நல்ல இங்கிலீஷில் சொன்னார்: "இந்தப் படுதாவுக்குப் பின்னாலிருந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒவ்வொரு வசனத்தையும் இந்த மகா நடிகருக்கு எடுத்துக் கொடுத்த எங்கள் சங்கத்து மிஸஸ் அம்புஜம் மணிவாசகத்துக்கு நன்றி." சொல்லிவிட்டு, கைதட்டலுக்காகச் சிரித்த முகத்தோடு நின்றார்.

பாவம், அவர் மேல் தப்பில்லை. நம்மூரில் பிராம்ப்டர் பெயரை நன்றியில் விட்டால்தான் சண்டை. அது ஒரு ரகசியமாக இருக்கமுடியும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

கைதட்டல் வரவில்லை. மானேஜர் பத்திரிகைக்காரரைப் பார்த்தார். பத்திரிகைக்காரர் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். மூன்றாவது வரிசையில் மஃப்ளர் மூக்கிலிருந்து கண்வரை ஏறியது. படுதாவுக்குள் அம்புஜம் தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். லண்டன் படம் போயிற்று, கடைசி ரீல் போயிற்று, பிள்ளையார் மேல் செய்த சத்தியம் போயிற்று.

பிம்லட் பொன்னாடையோடு மைக்குக்கு வந்தார். இடது தோள் கொஞ்சம் திரும்பியது. தலை படுதாப் பக்கம் சாய்ந்தது.

வரி கேட்கிறார். மடியில் பிரதி முடிந்துவிட்டது. இனி எழுதின வசனம் ஒன்றுமில்லை. அம்புஜம் தானாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்: "அந்த அம்மாள் சும்மா புத்தகம் வைத்திருந்தார்..."

பிம்லட் அதைப் பேசவில்லை. அவருக்குக் கேட்கவில்லையோ என்று அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தி வேறொன்று கொடுத்தாள்: "நம் நண்பர் வேடிக்கையாகச் சொல்கிறார்..."

அவர் படுதாவைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். மாலை முழுக்க அவள் கொடுத்த ஒரு சொல்லைக்கூட கீழே விடாதவர், இதை வாங்கிக்கொள்ளாமல் தலையை ஆட்டினார். "நன்றி அம்மா," என்றார், மைக்கிலேயே, எல்லாருக்கும் கேட்க. "இது என் வசனம் இல்லை."

பிறகு கூடத்தின் பக்கம் திரும்பினார். "அவர் சொன்னது உண்மை. எனக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. இந்த ஒரு மணி நேரம் நான் பேசின ஒவ்வொரு வரியும் இந்தத் துணிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பெண் கொடுத்தது. அதை மறைக்கச் சொல்லி அவரைக் கேட்டவனும் நானே. வெட்கமாயிருந்தது. பயமாகவும் இருந்தது." கொஞ்சம் நிறுத்தினார், இது அவருடைய நிறுத்தம். "நாளைக்கு உங்களிடம் மறுபடி காகிதத்தை நீட்டுவார்கள். நீங்கள் கையெழுத்துப் போடாமல் இருக்கவேண்டும் என்று சொல்ல வந்துவிட்டு, என் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் நன்றாயிருக்குமா?"

ஜோஸ்லின் அதைப் பிரெஞ்சில் சொன்னாள். கையுறை வீசின கிழவி முதலில் எழுந்தாள்.

லண்டன் படத்தின் கதையை இங்கேயே சொல்லிவிடலாம். பத்திரிகைக்காரர் எழுதத்தான் எழுதினார். அந்த வேஷம் வேறு யாருக்கோ போயிற்று. பிம்லட் கடைசிவரை கடைசி ரீலைப் பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் கொட்டகை மானேஜர் அவள் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டி, நாடகம் முடியும்வரை தினமும் மாலையில் உங்களுக்கு நேரம் ஒழியுமா என்று அம்புஜத்தைக் கேட்டார். மேடை ஓரத்தில் ஒரு நல்ல ஸ்டூலும் போட்டுக் கொடுத்தார். பட்லர் தட்டிலிருந்து காகிதத்தைக் கிழித்துப்போட்டார். அவர் 'சாப்பாடு தயார்' என்று சொன்ன அழகுக்கு ஒவ்வொரு நாளும் தனியாகக் கைதட்டல் விழுந்தது.

திங்கட்கிழமை மாலை அதெல்லாம் யாருக்குத் தெரியும்? கூடம் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருக்கும்போதே பிம்லட் படுதாக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். உள்ளே காஞ்சிபுரம் புடவை, அதற்குமேல் ஸ்வெட்டர், கீழே பனி பூட்ஸ், கையில் எரிகிற டார்ச்சுமாக அம்புஜம் நின்றாள். அவர் அவள் கையைப் பிடித்து மைக் வரை கொண்டுவந்து விட்டார். தான் உள்ளே போய் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து படுதாவை மூடிக்கொண்டார்.

எத்தனை முகங்கள். ஓட்டை வழியாகப் பார்க்கும்போது ஒவ்வொன்றாகத் தெரியும். இப்போது மொத்தமாகத் தெரிந்தன. எல்லாம் அவளைத்தான் பார்த்தன. ஓடிவிடலாமா என்று அவள் நினைத்தபோது, பின்னாலிருந்து, மூச்சுக்கும் குரலுக்கும் நடுவிலுள்ள அந்த இடத்திலிருந்து ஒரு வரி வந்தது.

"என் பெயர் அம்புஜம்."

"என் பெயர் அம்புஜம்," என்றாள்.

"எத்தனையோ வருஷமாக நான் படுதாவுக்குப் பின்னால் இருந்தேன்."

"எத்தனையோ வருஷமாக நான் படுதாவுக்குப் பின்னால் இருந்தேன்," என்றாள்.

அடுத்த வரிக்குக் காத்திருந்தாள். வரவில்லை. தோளைத் திருப்பித் தலையைச் சாய்த்தாள். உள்ளே ஸ்டூல் கிறீச்சிட்டது. "மன்னித்துக்கொள்ளுங்கள்," என்று கிசுகிசுத்தது படுதா, "மிச்சம் எனக்கு மறந்துவிட்டது." நிஜமாக மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று பிற்பாடு அவள் எத்தனை தடவை கேட்டும் அவர் சொல்லவில்லை.

அம்புஜம் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில் தொழிற்சாலை வாசலுக்கு நானும் வருகிறேன்," என்றாள். "உங்கள் எல்லாருக்கும் காப்பி கொண்டுவருகிறேன்."

யாரும் எடுத்துக் கொடுக்காத வரி அது. ஜோஸ்லின் பிரெஞ்சில் சொல்ல, யாரோ போர்த்துகீசிய மொழியில் சொல்ல, பெண்கள் காலால் தரையை உதைத்தார்கள். பத்திரிகைக்காரரின் காமிரா பளிச்சென்று மின்னியது. அம்புஜம் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். மணிவாசகம் எழுந்து நின்றிருந்தார். மஃப்ளர் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"அம்புஜம்," என்றார் அத்தனை பேருக்கும் நடுவில், தமிழில், அவர் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே அதுவரை தெரியாது. "இத்தனை பேருக்கு அந்தச் சின்ன ஃபிளாஸ்க் எப்படிப் பத்தும்? சங்கத்து பெரிய பாய்லரை எடுத்துக்கலாம். நான் கார்ல கொண்டாந்து இறக்கறேன்."